பழி சுமக்கும் கார்புரேட்டர்

சிதறால் மலைக்குப் பழங்கல்வெட்டுகள் தரும் பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்போர் ஓரிடத்தில் நிலைகொள்ளாது நடந்து திரிந்த சமணத் துறவியர். 9ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஏறி இறங்கிய இம்மலையின் அடிவாரத்தில் இன்று நெடுந்தூரம் நடப்பவரைக் காண்பது அரிது. மார்த்தாண்டத்திலிருந்து வரும் சாலை ஏறியும் இறங்கியும் வளைந்தும் ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைகிறது. பேருந்து போகாத ஊடுவழிகளோ பல. இப்பகுதி மக்களுக்கு மோட்டார் சைக்கிள் இன்னொரு சோடிக் கால்கள் என்றே சொல்லலாம்.

பால்வெட்டுத் தொழிலாளரைச் சற்று எண்ணிப் பாருங்கள். ரப்பர் மரம் நன்றாகப் பால் வடிப்பது கதிரவன் எழுமுன், காற்று குளிர்ந்திருக்கும் வேளையில். வெயில் ஏற ஏற மரத்தினுள் உள்ள அழுத்தம் குறைந்து பால் தளர்ந்துபோகும். ஆகவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியலுக்கு முன்பே மரத்தடியில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டி கிளம்ப மறுத்தால் அன்றைய வெட்டு போயிற்று. கூலியும் அதனுடன் போயிற்று. ஒர்க்‌ஷாப் திறப்பதோ ஒன்பது மணிக்கு. நாலரை மணிக்கே விளக்கு எரியும் வீடு குருமனை என்பதால், திருப்புகழ்மாலை செபித்துக் கொண்டிருக்கும்போதே முற்றத்தில் ஒரு வண்டி உருட்டிக்கொண்டு வரப்படும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பங்குப் பணியாளனிடம் ஸ்பானர் பெட்டி ஒன்று உண்டு என்பது அன்பியங்கள் வழியாக எப்படியோ பரவிவிட்டது.

வருகிறவர்கள் அனைவரும் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "பாதர், கார்ப்பரேட்டருக்குத்தான் குழப்பம்." வண்டி கிளம்பவில்லையா? கார்புரேட்டர். புகைக்கிறதா? கார்புரேட்டர். ஏற்றத்தில் இழுக்கவில்லையா? அதுவும் அவன்தான். ஒப்புரவு அருளடையாளம் பெற வருகிறவர்களில் சிலர் தம் பாவத்தைவிட மருமகளின் பாவத்தை விரிவாக அறிக்கையிடுவது உண்டு. அந்த மருமகளின் நிலைதான் மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டரின் நிலை. பழைய மெக்கானிக்குகளிடையே ஒரு கேலிப்பேச்சு வழங்குகிறது: கார்புரேட்டர் கோளாறுகளில் பெரும்பாலானவை மின்சாரக் கோளாறுகளே என்று. கேலி என்றாலும் அதில் உண்மை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் பழைய 100 சி.சி. வண்டியுடன் வந்தார். கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அதற்காகச் சுயஉதவிக் குழுவில் மனைவி பெயரில் கடனுக்கு எழுதிக் கொடுத்தும் ஆயிற்று. "வண்டி எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேட்டேன். "ரெண்டு மூணு கிலோமீட்டர் நல்லா ஓடும் பாதர். பெறவு மூச்சு முட்டின மாதிரி நிக்கும். கொஞ்ச நேரம் களிச்சா தானே ஸ்டார்ட் ஆவும்" என்றார். மூச்சு முட்டியதுபோல என்ற அவருடைய சொல்லிலேயே விடை பாதி இருந்தது. பெட்ரோல் டேங்கின் மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத் துளை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று அதன் வழியே உள்ளே செல்ல வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். வண்டி நிற்கும். சற்று நேரத்தில் எப்படியோ காற்று கசிந்து உள்ளே போனதும் மீண்டும் ஓடும்.

ஆயினும் இதே அடையாளம் வேறொரு கோளாறுக்கும் உண்டு. தீப்பொறிக்கு மின்னழுத்தம் தரும் காயில் பழுதானால், சூடேறியதும் பொறி நின்றுவிடும். ஆறியதும் திரும்பி வரும். இரண்டில் எது என்று தெரிவது எப்படி? வண்டி நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, வண்டியும் உடனே கிளம்பினால் குற்றவாளி மூடி. மூடியைத் திறந்தும் கிளம்பாவிட்டால் காயிலைச் சந்தேகிக்கலாம். மறுநாள் அவர் அவ்வாறே செய்து பார்த்துவிட்டு வந்தார். மூடியின் துளையில் துருவும் அழுக்கும் இறுகியிருந்தன. ஊக்கு ஒன்றினால் குத்தித் துடைத்தோம். இரண்டு நிமிட வேலை. கடன் விண்ணப்பத்தை அவர் மனைவி திரும்ப வாங்கிக்கொண்டார்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நாள்களில், புனித தோமா அக்குவினா தம் 'இறையியல் தொகுப்பில்' காட்டும் ஒரு வேறுபாடு என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. காரணத்தை அறிந்து அதிலிருந்து விளைவுக்கு வருவது ஒரு வழி. விளைவை மட்டும் கண்ணால் கண்டு, அதிலிருந்து மறைந்திருக்கும் காரணத்துக்கு ஏறிச் செல்வது மற்றொரு வழி. கடவுளின் இருத்தலை நாம் அறிவது இரண்டாம் வழியில்தான் என்பது அவர் முடிவு. அந்தப் பெரும்பொருளோடு ஒரு கிக்கர் வண்டியை ஒப்பிடுவது மரியாதைக் குறைவென்று சிலர் நினைக்கக்கூடும். தோமையார் கோபிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணில் படும் எளிய பொருள்களிலிருந்தே சிந்தனையைத் தொடங்கியவர் அவர். மூடிய இரும்புக்குள் நடப்பதை நாம் பார்க்க முடியாது. புகை, சத்தம், வாசனை, பிளக்கின் நிறம் ஆகிய விளைவுகளே நமக்குத் தரப்பட்டுள்ளன. அவற்றைக் கேளாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறவன், சாட்சியை விசாரிக்காமல் தண்டனை எழுதும் நீதிபதி.

இஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை மூன்று: சரியான அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதை இறுக்கும் அழுத்தம், தக்க நொடியில் பாயும் தீப்பொறி. நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் நான்கு-ஸ்ட்ரோக் இஞ்சினுக்குள் நொடிக்கு 25 முறை இம்மூன்றும் ஒன்றுகூட வேண்டும். ஆகவே எதையும் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை கழற்றத் தேவையற்றவை. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? குழாய் திறந்திருக்கிறதா, ரிசர்வில் இருக்கிறதா? இஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் தவறுதலாக அமுங்கியிருக்கிறதா? சிரிக்க வேண்டாம். குருமனை முற்றத்துக்கு உருட்டிவரப்பட்ட வண்டிகளில் பல, இந்த மூன்று கேள்விகளைத் தாண்டாமலேயே ஓடிப்போயிருக்கின்றன.

அடுத்தது பிளக். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் அதன் முனை ஒரு சிறு நோய்க்குறிப்பேடு. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிதல் நலமாக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது சோக்கை இழுத்தபடியே ஓட்டியிருக்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, வெப்பம் மிகுதி. நான்கு-ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து இஞ்சின் எண்ணெய் உள்ளே ஏறுகிறது. நீலப்புகையும் அதையே சொல்லும். பலமுறை மிதித்த பிறகும் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால், கலவை வந்து சேர்கிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை என்று பொருள். பலமுறை மிதித்தும் காய்ந்திருந்தால் மட்டுமே கார்புரேட்டர் பக்கம் திரும்ப நமக்கு நியாயம் பிறக்கிறது.

பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கை அதன் தொப்பியில் செருகி, உலோக உடலை இஞ்சினில் ஒட்டவைத்து மிதிக்க வேண்டும். நீலநிறத்தில் 'டிக்' என்று பாய்ந்தால் நன்று. செம்மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம். ஒரு எச்சரிக்கை: பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். பிளக்கை அந்தத் துளைக்கு எட்ட வைத்தே சோதிக்க வேண்டும். திறந்த வெளியில் செய்ய வேண்டும். அருகில் பீடியோ மண்ணெண்ணெய் விளக்கோ கூடவே கூடாது. இதில் நான் கண்டிப்பானவன். பீடியை அணைக்காதவருடைய வண்டியை நான் தொடுவதில்லை.

அழுத்தத்தை அறியக் கால் போதும். மிதிக்கும்போது ஒரு நிலையில் கிக்கர் எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கட் என்று வேலை உள்ளே போய்விடுகிறது. அது வீட்டில் செய்வதற்குரியதன்று, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி அந்தப் பழிகாரனுக்கே வருவோம். கார்புரேட்டரின் நடுவே ஒரு குறுகிய தொண்டை உண்டு. அகலமான வழியில் வரும் காற்று அங்கே நெருங்கும்போது வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தக் குறைவு, கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலைச் சிறு துளை வழியாக மேலே ஏற்றித் தூவச் செய்கிறது. இந்தத் தொண்டையை மெக்கானிக்குகள் 'வென்சுரி' என்பார்கள். அது ஒரு மனிதருடைய பெயர் என்பதை அவர்களில் பலர் அறியார். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை நம்மவர்களில் பலரும் அறியார்! ஜொவான்னி பத்திஸ்தா வென்தூரி இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாப் பகுதியில் 1746இல் பிறந்து, 1769இல் குருவானவர். குருமடத்தில் தருக்கவியல் கற்பித்தவர். குறுகும் குழாய்களில் நீர்மங்கள் ஓடும் விதத்தை ஆராய்ந்து 1797இல் பாரிசில் நூல் வெளியிட்டார். மோட்டார் சைக்கிள் அன்று இல்லை.

இஞ்சினுக்குள்ளும் ஒரு குரு இருக்கிறார். புனித கலசாங்சின் சபையைச் சேர்ந்த அருள்பணி எயுஜெனியோ பர்சாந்தி, பள்ளிச் சிறுவருக்கு இயற்பியல் கற்பித்த ஆசிரியர். வாயுவும் காற்றும் கலந்த கலவையை மூடிய உருளைக்குள் தீப்பொறியால் வெடிக்கச் செய்து அந்த விசையை வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று கண்ட அவர், பொறியாளர் ஃபெலிச்சே மத்தேயுச்சியுடன் சேர்ந்து இஞ்சின் ஒன்றை வடிவமைத்தார். அதன் விளக்கத்தை 1853இல் புளோரன்சின் ஜியோர்கோஃபிலி கழகத்தில் முத்திரையிட்டு ஒப்படைத்தனர். நிக்கோலாஸ் ஓட்டோவின் இஞ்சின் 1867இல் பாரிஸ் கண்காட்சியில் புகழ்பெற்றபோது பர்சாந்தி உயிருடன் இல்லை. தம் இயந்திரத்தைத் தயாரிக்கும் முயற்சியில் பெல்ஜியம் சென்றவர், 1864இல் 42 வயதில் அங்கேயே காய்ச்சலால் இறந்தார். இன்று அவர் உடல் புளோரன்சின் திருச்சிலுவைப் பேராலயத்தில் இளைப்பாறுகிறது. எண்ணெய்க் கறையுள்ள கையுடன் திருப்பலிக்கு வரக்கூடாது என்று மூத்த குரு ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. கையைக் கழுவிக்கொண்டேன். ஆனால் பர்சாந்தியை நினைத்துச் சிரித்தும் கொண்டேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். இந்த விகிதத்தைக் காப்பதுதான் கார்புரேட்டரின் முழுப் பணி. அதற்குள் இரண்டு முக்கியத் துளைகள் உண்டு. வண்டி நின்ற நிலையில் மெதுவாக ஓட உதவுவது பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. முழு வேகத்துக்கு உணவளிப்பது மெயின் ஜெட். சோக் இழுத்தால் மட்டும் கிளம்புகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் அணைகிறது, ஆனால் ஓட்டத்தில் குறையில்லை என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. நின்றபடி அமைதியாக ஓடி, ஏற்றத்தில் முழுதாக முறுக்கும்போது திணறினால் மெயின் ஜெட்டைப் பாருங்கள். கீழே பெட்ரோல் ஒழுகினால் மிதவையின் ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கும். கிண்ணத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினாலே பலவேளை சரியாகிவிடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் தானே வேகமெடுத்து நின்றால், கேபிள் இறுகியிருக்கிறது. அல்லது கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் இடையேயுள்ள இணைப்பில் வெடிப்பு விழுந்து திருட்டுக் காற்று நுழைகிறது.

ஜெட்டைத் துப்புரவு செய்யும்போது ஒன்றை மறக்கலாகாது. டேங்க் மூடியின் துளையில் ஊக்கு செலுத்தினோம் அல்லவா? ஜெட்டில் அதைச் செய்யவே கூடாது. பித்தளை மென்மையானது, கம்பி உரசினால் துளை பெரிதாகும், பிறகு வண்டி காலமெல்லாம் பெட்ரோல் குடிக்கும். சுத்தமான பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒளி தெரிந்தால் போதும். பெட்ரோலை வாயால் உறிஞ்சுவதோ ஊதுவதோ உயிருக்கு ஆபத்து. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன், அது முழுவதும் இறுகும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறு வண்டிகளில் ஒன்றரை முதல் இரண்டு சுற்றுக்குள் இருக்கும். இறுதிச் சரிசெய்தலை இஞ்சின் நன்கு சூடேறிய பின்பே செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலங்கள். சூனில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் மற்றொன்று. முன்பெல்லாம் டேங்கில் நீர் இறங்கினால் அது பெட்ரோலுக்கு அடியில் தனியே நின்றது. கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தால், கீழே முத்துமுத்தாகத் தெரிந்தது. இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. 2025இல் அந்தக் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்; குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். முன்பு தயாரான வண்டிகளில் கலவை சற்று மெலியும். பழைய குழாய்களும் வளையங்களும் ஊதவோ வெடிக்கவோ கூடும். ரப்பர் நாட்டில் வாழும் நாம் அறிய வேண்டிய ஒன்று: நம் தோட்டத்துப் பாலில் உருவாகும் ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும். பெட்ரோல் குழாய்க்குச் செயற்கை ரப்பரே ஏற்றது. மரம் வெட்டுகிறவரின் வண்டிக்கே அவர் மரத்தின் பால் உதவாது! ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சிறு குழாயை மாற்றிவிடுவது நல்லது. அதற்காகும் செலவு மிகக் குறைவு.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தபின், புதிதாக வரும் மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கார்புரேட்டர் நீங்கி, மின்னணு முறையில் பெட்ரோல் தூவும் ஏற்பாடு அமைந்துவிட்டது. புகை குறைந்திருக்கிறது; குளிர்ந்த காலையிலும் விரலால் தொட்டவுடன் கிளம்புகிறது. நான் அதைக் குறைசொல்லவில்லை. கோளாறு வந்தால் ஒரு விளக்கு எரியும்; அதன் பொருளைப் படிக்க ஒரு கருவி வேண்டும்; கருவி கடைக்காரரிடம் இருக்கும். புது வண்டி வாங்க இயன்றவருக்கு இது பெரிய தொல்லையன்று. பால்வெட்டுக்குப் போகிறவர்களிடம் இருப்பவையோ பெரும்பாலும் அதற்கு முந்தைய வண்டிகள், இரண்டாம் கையோ மூன்றாம் கையோ மாறி வந்தவை. இன்னும் பல ஆண்டுகள் அவை இந்த ஏற்றங்களில் ஓடத்தான் போகின்றன. அவற்றைப் படிக்கும் அறிவு வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதனால்தான் இளைஞர் இயக்கப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் பழைய கார்புரேட்டர் ஒன்றைக் கொடுத்துக் கழற்றிப் பூட்டச் சொல்கிறேன்.

இப்பகுதியில் மற்றொரு வகை வண்டிகளும் உண்டு: மகன் வளைகுடா நாட்டுக்குப் போக, கொட்டகையில் சாக்கு மூடி நிற்பவை. நின்ற வண்டியின் கிண்ணத்தில் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, அரக்குப் போன்ற பிசினை விட்டுச் செல்லும். முதலில் அடைவது பைலட் ஜெட். எங்கள் பங்கில் ஒரு தாய் இதைப் பற்றி என்னிடம் கேட்டார். நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதானால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள் என்றேன். கொட்டகைக்குள் வேண்டாம், புகை நஞ்சு, முற்றத்துக்கு உருட்டி வந்து செய்யுங்கள் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பையனை மிதிக்கச் சொல்லி, பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயை மூடி, இஞ்சின் நிற்கும்வரை அருகிலேயே நிற்கிறார். மகன் கிறிஸ்து பிறப்புக்கு வருகிறானாம். சென்ற வாரம் கையில் ஒரு கேனுடன் வந்து, "பாதர், பெட்ரோல் இப்பமே வாங்கி ஊத்தட்டா, இல்ல அவன் வாறதுக்கு முந்தினா போதுமா?" என்று கேட்டார். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, அவன் வருவதற்கு முந்தின நாள் புதிதாக ஊற்றினால் போதும் அம்மா என்றேன்.